குளூட்டன் இல்லா உணவு: கடையில் கவனிக்க வேண்டியவை

சீலியாக் நோய் உறுதிசெய்யப்பட்டவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் முதன்மையான மருந்து மாத்திரை அன்று. குளூட்டன் இல்லாத உணவே ஆகும். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். இந்நோய் உள்ளவர்கள் இதனை உண்ணும்போது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. இரத்தசோகை, எலும்பு வலுவிழத்தல், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியன இதன் விளைவுகள். வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ இல்லாதபோதும் குடலுக்குள் பாதிப்பு தொடரக்கூடும்.

“நாம் உண்பது சோறும் இட்லியும்தானே, சப்பாத்தியையும் பூரியையும் நிறுத்தினால் போதாதா?” என்ற எண்ணம் பல குடும்பங்களில் உண்டு. போதாது என்பதே எங்கள் மறுமொழி. கண்ணுக்குத் தெரியும் கோதுமையைத் தவிர்ப்பது எளிது. பெயரில் தெரியாத கோதுமையே நம்மை ஏமாற்றுகிறது.

இதற்குத் தலையாய சான்று பெருங்காயம். தூய பெருங்காயம் மிகுந்த காரநெடி உடையது. ஆதலால் கோந்தும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகவே அதனை விற்கின்றனர். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. தூளாயினும் கட்டியாயினும் இது பொருந்தும். பெருங்காயத்தின் வழியே சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு ஆகியவற்றுக்குள்ளும் கோதுமை நுழைந்துவிடுகிறது. கோதுமை உணவையே தொடாத ஒருவருக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு குறையாதிருந்தால், வீட்டுப் பெருங்காய டப்பாவைப் பார்த்தீர்களா என்று நாங்கள் வினவுவது இதனால்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறையைப் படித்து அதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது, சிறுதானியம் என்ற பெயர். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. ஆயினும் கேழ்வரகு சேமியா, தினை நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட் என விற்கப்படும் பலவற்றில் மைதாவோ கோதுமையோ கலந்திருக்கும். சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம். சம்பா கோதுமை நம் மரபான தானியமாயினும் அதிலும் குளூட்டன் உண்டு. கார்ன்ஃப்ளேக்ஸ் சோளத்தால் ஆனதாயினும் சுவைக்காகப் பார்லி மால்ட் சேர்க்கப்படலாம். மால்ட் பானத் தூள்களையும், கோதுமை சேர்த்துத் தயாரிக்கப்படும் சோயா சாஸையும் தவிர்க்க வேண்டும்.

ஆகவே, பொட்டலத்தின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டின் உணவு உறை விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்க்கப்பட்டிருப்பின் அதனை ஒவ்வாமைக்குரிய பொருளாகக் குறிப்பிட வேண்டும். மூலப்பொருள் பட்டியலில் வீட், ஆட்டா, மைதா, சூஜி, செமோலினா, பார்லி, மால்ட் ஆகிய சொற்களுள் ஒன்றைக் கண்டாலும் அப்பொருளை வாங்காதீர்கள். கோதுமை கலந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இருப்பினும் தவிர்ப்பதே நன்று. ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறிப்பிட, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது. சைவ உணவைக் காட்டும் பச்சைக் குறிக்கும் குளூட்டனுக்கும் தொடர்பில்லை. தயாரிப்பாளர் கலவையை மாற்றக்கூடும் என்பதால், வழக்கமாக வாங்கும் பொருளாயினும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும்.

உறையில்லாமல் சில்லறையாக விற்கும் மாவைப் படித்தறிய வழியில்லை. கோதுமை மாவை அள்ளிய அதே கரண்டியால் அரிசி மாவையும் அள்ளுவது உண்டு. மாவு மில்லில் கோதுமைக்குப் பின் அரிசியை அரைத்தாலும் கலப்பு நேரும். அரிசியை முழுத் தானியமாக வாங்கி, கழுவி உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஓட்ஸைப் பொறுத்தவரை, குளூட்டன் இல்லாதது என்ற குறிப்பு உள்ளதை மட்டும், மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே பயன்படுத்துங்கள்.

இந்த உணவுமுறைக்கு மிகுந்த செலவாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, பயறு, காய்கறி, கீரை, பழம், பால், தயிர், முட்டை, மீன் ஆகியவை எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. இவை இயல்பாகவே குளூட்டன் அற்றவை. கூடையின் பெரும்பகுதியை இவற்றால் நிரப்பினால் விலை மிகுந்த தனி ரொட்டியும் பிஸ்கட்டும் எப்போதாவது வாங்கினால் போதும்.

ஒரு வேண்டுகோள்: சீலியாக் நோய் இருக்குமோ என்ற ஐயத்தால் மட்டும், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயைச் சரிவரக் காட்டாமல் போகலாம்.

நோய் உறுதியானவர்கள், ஐயத்துக்குரிய பொருள்களின் உறைகளை அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். ஆங்கிலம் படிக்க இயலாதவர்கள் கடைக்கு எடுத்துச் செல்ல, தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலை எங்கள் உணவியல் பிரிவினர் ஒரு தாளில் எழுதித் தருவார்கள்.