75 கிலோவும் 26 கிலோவும்

அனுமன் நதிப் பாசனத்தில் அச்சன்புதூர், வடகரைப் பக்கம் விளையும் நெல், கார்ப் பருவமானாலும் பிசானப் பருவமானாலும், அரிசியாவதற்குள் பல பேருடைய உடம்பை உரசிக்கொண்டுதான் போகும். அன்று அது உரசியது முதுகையும் பாதத்தையும். இன்று மூக்கையும் காதையும்.

அன்று ரைஸ் மில் வாசலில் இறங்கிய மூட்டை 75 கிலோ. தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, சாய்த்துப் போட்ட பலகையில் ஏறி அடுக்குவார்கள். இன்று மில்லிலிருந்து கடைக்குப் போகும் அரிசிப் பை 26 கிலோ. குடும்பங்கள் சிறுத்ததால் பையும் சிறுத்து 25 கிலோவில் நின்றிருந்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொதியிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது, வரிக்குத் தப்ப ஒரு கிலோ கூடியது. எடை குறைந்தபோதும் கூடியபோதும் சுமப்பவரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஆதாயம் அவருடைய முதுகுக்குத்தான்.

அன்று புழுங்கலுக்கு நெல் இரண்டு மூன்று நாள் சிமென்ட் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் ஊறும். புளித்த வாடை தெருமுனை வரை வரும். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, பெண்கள் வெறுங்காலால் கிளறிவிட்டுக்கொண்டே நடப்பார்கள். குற்றாலத்துச் சாரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஓடி ஓடிக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். இன்று அப்படியில்லை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வெந்நீர் முறையில், சுமார் 70 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும். உலர்த்துவதை டிரையர் பார்த்துக்கொள்கிறது. வாடை போயிற்று, பாதத்து வெடிப்பும் போயிற்று. களத்தில் நடந்த பெண்களின் கூலியும், அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் கூடவே போயின.

அன்று ஒற்றை மோட்டார் நீண்ட ஷாப்டைச் சுழற்ற, அதிலிருந்து திறந்த பெல்ட்டுகள் ஒவ்வொரு ஹல்லருக்கும் இறங்கி ஓடும். முந்தானையும் கூந்தலும் கைவிரலும் அதற்கு ஒன்றுதான். ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும், அதைப் பெண்கள் துடைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அன்றே சொல்லியிருந்தது. இன்று இயந்திரத்துக்கு இயந்திரம் தனி மோட்டார். பெல்ட் தகர மூடிக்குள் ஓடுகிறது. விரல்கள் பிழைத்தன. ஆனால் மூடிய கொட்டகைக்குள் பாலிஷரும் எலிவேட்டரும் சேர்ந்து போடும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும்.

100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதைத் தின்றுதான் பாய்லர் எரிகிறது. மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அள்ளுகிறவரின் மூச்சோடு அதுவும் உள்ளே போகிறது.

அன்று இல்லாத தலைக்குல்லாவும் கையுறையும், ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும் இன்று விதியில் உண்டு. அவை 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வந்தவை. தொழிலாளியின் முடியோ நோயோ அரிசிக்குள் போய்விடக் கூடாது என்பது அவற்றின் கவலை. அரிசித் தூசி அவருடைய நுரையீரலுக்குள் போயிற்றா என்பது அந்தப் பரிசோதனையின் கேள்வி அல்ல.

அதைக் கேட்க வேண்டியது தொழில் சட்டம். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, மின்சாரத்தோடு 10 பேர் வேலை பார்த்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண் 20. முதலாளியின் பொதுவான கடமைகள் 10 பேரிலிருந்தே பொருந்தும். கட்டணமில்லாத உடற்பரிசோதனையும் அவற்றுள் ஒன்று. ஆனால் டிரையரும், நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டரும் வந்தபின், களம் நிறைய ஆள் நின்ற மில்லைப் பத்துப் பன்னிரண்டு பேரே நடத்திவிடலாம். அப்படிப்பட்ட மில் இனித் தொழிற்சாலைக் கணக்கில் வராது. ஆள் குறையக் குறைய, வரம்பு ஏறியிருக்கிறது.

லோடுமேனின் தோளில் இன்றும் ஒரு துண்டு கிடக்கிறது. அன்று அது தலைக்குச் சும்மாடு. இன்று உமிச்சாம்பல் அள்ளும்போது, அதே துண்டைத்தான் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்.