ஏழாம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ்

சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, கலிஃபோர்னியாவின் குன்றுகளையும் கடலோரத்தையும் கடந்து, ஏழாம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்த சைக்கிள் பயணம் எய்ட்ஸ் லைஃப்சைக்கிள். 2025 வரை நடந்தது. தூரம் 545 மைல், சுமார் 877 கிலோமீட்டர். ஜூன் முதல் வாரத்தில் நடந்த இதில் வழக்கமாக 2,000 பேருக்கு மேல் சைக்கிள் மிதித்தார்கள். இவர்கள் திரட்டிய நிதி சான் ஃபிரான்சிஸ்கோ எய்ட்ஸ் ஃபவுண்டேஷன், லாஸ் ஏஞ்சல்ஸ் எல்ஜிபிடி சென்டர் என்ற இரு அமைப்புகளுக்குப் போனது. எச்.ஐ.வி. பரிசோதனை, சிகிச்சை, தடுப்பு மருந்து ஆகியவற்றை அந்த அமைப்புகள் கட்டணமின்றியோ குறைந்த செலவிலோ தருகின்றன.

இதன் முன்னோடி 1994-இல் தொடங்கிய கலிஃபோர்னியா எய்ட்ஸ் ரைடு. முதல் ஆண்டில் வந்தவர்கள் 478 பேர். அன்றைய அமெரிக்காவில் 25 முதல் 44 வயது வரையிலானவர்களை அதிகம் பலிகொண்ட நோய் எய்ட்ஸ்தான். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல்தான் பரவலாயிற்று. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் சைக்கிள் ஏறியவர்களில் பலர் நண்பனையோ துணைவரையோ அப்போதுதான் அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள். நடத்தும் செலவே நிதியில் பெரும் பங்கை விழுங்குகிறது என்பதில் பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தது. 2002-இல் இரு அமைப்புகளும் பயணத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கின. எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

பல ஆண்டுகள், கலந்துகொண்டவர் ஒவ்வொருவரும் குறைந்தது 3,000 டாலர் திரட்டியாக வேண்டியிருந்தது. அதுவும் புறப்படும் முன்பே. ஆக, ஒருவர் பாதி வழியில் நின்றுவிட்டாலும் நோயாளிக்குச் சேர வேண்டிய பணம் குறையாது. அப்படியிருந்தும் கடைசி மைல் வரை மிதிக்கத் துடித்தது ஏன்? நன்கொடை கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் 'லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போவேன்' என்று சொல்லி வந்திருந்தார்கள். கொடுத்த வாக்கு அது.

முதல் நாள் சாண்டா குரூஸ். இரண்டாம் நாள் கிங் சிட்டி. 100 மைலுக்கு மேல் நீளும் அந்த நாள்தான் பலருக்குப் பெரும் சோதனை. மூன்றாம் நாள் வழியில் பிராட்லி என்ற சிற்றூர் வரும். அங்குள்ள சின்னப் பள்ளியின் பிள்ளைகளும் பெற்றோரும் பயணிகளுக்கு மதிய உணவு சமைத்து விற்பார்கள். அந்த வருமானம் பள்ளிக்கே. தர்மத்துக்காகக் கிளம்பியவர்கள் போகிற வழியில் இன்னொரு தர்மத்துக்கும் உதவிவிட்டுப் போனார்கள்! நான்காம் நாள் 'பாதி தூரம்' என்று பலகை வைத்த மேட்டில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. ஐந்தாம் நாள் எல்லாரும் சிவப்பு உடை உடுத்துவார்கள். வளைந்து செல்லும் மலைப் பாதையில் அந்த வரிசையை உயரத்திலிருந்து பார்த்தால் எய்ட்ஸ் விழிப்புணர்வின் சிவப்பு ரிப்பன் போலவே தெரிய வேண்டும் என்பது எண்ணம்.

இது பந்தயம் அல்ல என்பதைப் புறப்படும் முன்பே அழுத்திச் சொல்லிவிடுவார்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போய்க் காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்ளும் உத்திக்கு அங்கே தடை இருந்தது. ஒற்றை வரிசையில்தான் போக வேண்டியிருந்தது. முந்தும்போது 'இடப்பக்கம் வருகிறேன்' என்று குரல் கொடுக்க வேண்டியிருந்தது. சைக்கிள் ஓட்டாத தன்னார்வலர்கள் பல நூறு பேர் கூடவே வருவார்கள். சோறு, கூடாரம், மருத்துவம், மெக்கானிக் வேலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடியாதவரைச் சைக்கிளோடு ஏற்றி அடுத்த முகாமில் சேர்க்க வண்டிகளும் ஓடும். ஓர் அங்குலம் விடாமல் மிதித்தேன் என்பது சிலருக்குப் பெருமை. ஆனால் வண்டியில் ஒரு நாள் வந்துவிட்டு மறுநாள் மீண்டும் சீட்டில் உட்கார்ந்தவரும் பயணத்தை முடித்தவரே. அவர் பெருமை இம்மியும் குறைந்ததல்ல.

ஆறு நாள் ஓட்டத்தில் உடம்பு பலவிதமாகக் கணக்குக் கேட்கும். ஹேண்டில்பாரில் உள்ளங்கையை நெடுநேரம் அழுத்துவதால் நரம்பு நசுங்கிச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடவும் விரல் வளையாது. சீட்டில் உரசிய இடம் புண்ணாகும். தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை தீர்ந்துபோனால் கால் கல்லாகிவிடும். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று முகாமில் திரும்பத் திரும்பச் சொன்னது அதனால்தான்.

ஆறாம் நாள் இரவு வென்ச்சுரா கடற்கரையில் மெழுகுவத்தி ஏந்தி மௌனமாகக் கூடுவார்கள். வாரம் முழுக்கக் கேட்ட பாட்டும் கூச்சலும் அங்கே அடங்கிவிடும். இறந்தவர்களுக்கான நேரம் அது.

ஏழாம் நாள் தூரம் குறைவு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வலப்பக்கம் பசிபிக் கடல். மலிபு, சாண்டா மோனிகா வழியாக நகருக்குள் நுழைந்தால் சிக்னலுக்குச் சிக்னல் காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்கும். கடைசித் திருப்பத்தில் இருபுறமும் சனங்கள், மணியோசை, கைதட்டல். எச்.ஐ.வி. உள்ளவர்களின் குழுவான பாசிட்டிவ் பெடலர்ஸ் தங்கள் சைக்கிளில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டியிருப்பார்கள். அந்தக் கொடி கண்ணில் பட்டதும் ஆரவாரம் இன்னும் ஒரு படி ஏறும். ஒரு காலத்தில் மரண ஓலையாக இருந்த நோயோடு ஒருவர் 545 மைல் மிதித்து வந்து நிற்கிறார். இந்தப் பயணத்தின் ஆகப் பெரிய சாட்சி அந்தக் கொடிதான்.

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடக் கூடாது. மிதிக்கும்போது காலின் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சில நிமிடம் நடப்பது நல்லது. மனம் தெளிவதற்கு இன்னும் நாளாகும். வீடு திரும்பிய வாரத்தில் இனம்புரியாத வெறுமை பலரைப் பிடித்துக்கொண்டது. விடிந்ததும் ஏற வேண்டிய சீட்டும் கூட வர ஆட்களும் திடீரென்று இல்லாமல் போனதால் வந்தது அது.

1994 முதல் இந்தப் பயணங்கள் திரட்டிய தொகை 30 கோடி டாலருக்கு மேல். கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளில் பயணம் நடக்கவில்லை. அதன் பிறகு வருபவர்களின் எண்ணிக்கை குறைந்து, செலவு கூடிக்கொண்டே போனது. பயணத்தை 2025-உடன் நிறுத்திக்கொள்வதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். 2025 ஜூன் 1 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் புறப்பட்ட கடைசி அணி, ஜூன் 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தது.