சார்ஸுக்கு நிற்காத கிரிவலம் கோவிட்டுக்கு ஏன் நின்றது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் டீ குடிக்க உட்கார்ந்தால் இந்தக் கேள்வி இன்றும் காதில் விழுகிறது: “2003-ல் சார்ஸ் வந்தப்போ பௌர்ணமி கிரிவலம் நிக்கலையே சார், கோவிட்டுக்கு மட்டும் ஏன் ரெண்டு வருஷம்? ரெண்டும் ஒரே கொரோனா குடும்பம்தானே?” நியாயமான கேள்வி. நிதானமாகப் பார்ப்போம்.

கிருமி உடலுக்குள் புகுந்த நாளிலிருந்து முதல் அறிகுறி தெரியும் நாள்வரை உள்ள இடைவெளியை நோயரும்பு காலம் என்கிறோம். சாதாரணச் சளி தரும் கொரோனா வகைகளுக்கு அது சுமார் 3 நாள். சார்ஸுக்கு 2 முதல் 7 நாள், சிலருக்கு 10 வரை. மெர்ஸுக்குப் பெரும்பாலும் 5 நாளை ஒட்டி, அதிகம் போனால் 14. கோவிட்டுக்கு 2020-ல் சராசரி 5, 6 நாள். டெல்டாவில் அது 4 ஆனது, ஒமிக்ரானில் 3 ஆனது.

அப்படியானால் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி 14 நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னது ஏன்? சராசரி என்றால், அதைத் தாண்டி அறிகுறி வருபவர்களும் கணிசமாக இருப்பார்கள். அறிகுறி வருபவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு அது 12 நாளுக்குள் வந்துவிடுகிறது. கடைசியில் வரும் சிலரையும் தவறவிடக் கூடாது என்பதற்கே 14.

சார்ஸ், கோவிட் இரண்டின் நாள் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு, தொற்று எப்போது பரவத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. சார்ஸ் நோயாளி படுக்கையில் விழுந்த பிறகே அதிகம் பரப்பினார். இரண்டாவது வாரத்தில்தான் அது உச்சம். காய்ச்சல்காரரைக் கண்டுபிடித்துத் தனியே வைத்தாலே சங்கிலி அறுந்தது. உலகம் முழுக்கச் சுமார் 8,100 பேரோடு 2003 ஜூலையில் அது அடங்கியது. கோவிட்டோ, அறிகுறி தெரிவதற்கு 2 நாள் முன்பே பரவும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியே பல மாவட்டங்களுக்கு அது போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான்.

லட்சக்கணக்கானோர் நெருங்கி நடக்கும் கிரிவலத்தில், நலமாகத் தெரிபவரை யார் தடுத்து நிறுத்த முடியும்? அதனால்தான் 2020 நவம்பர் 29 அன்று மலைமேல் மகாதீபம் ஏற்றப்பட்டபோதும் பக்தர்களுக்குக் கிரிவலத்தில் அனுமதி இல்லை. அந்த முடிவு சரியானதே.

இனி நாம் செய்ய வேண்டியது எளிது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், இருமல் என்றால், நமக்கு எதுவும் இல்லாவிட்டாலும் சில நாள் கூட்டத்தைத் தவிர்ப்போம். போயே ஆக வேண்டுமென்றால் முகக்கவசம் அணிவோம். அடுத்த மாதமும் பௌர்ணமி வரும்.