பழைய சொகுசு கார்: விலை மலிவு, செலவும் மலிவா?

சென்ற ஆவணி மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் சங்க நண்பர் ஒருவர் கடைக்கு வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். கடனுக்குச் சரக்கு எடுத்தாலும் சொன்ன தேதியில் பணம் கட்டுபவர் என்று மண்டியில் பெயர் எடுத்தவர். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளை நிற பென்ஸ் கார். 2014ஆம் ஆண்டு மாடல், டீசல். மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். விலை ரூ. 9 லட்சம்.

"அண்ணாச்சி, ஒரு புது சின்னக் கார் வாங்குற காசுக்கு பென்ஸே கிடைக்குது. தை மாசம் மகனுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டு வாசல்ல இதுல போய் இறங்கினா ஒரு மரியாதைதானே?" என்றார்.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கி வைத்த பணம் என்றார். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நம்மில் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் கொள்முதலில் பைசா பார்க்கிற நாம், கார் விஷயத்தில் மட்டும் கணக்கை மறந்துவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு மலிவு?

சந்தை விலையைவிட மிகக் குறைத்து ஒருவர் சரக்குக் கொடுத்தால், 'ஏன் கொடுக்கிறான்?' என்று கேட்பது வியாபாரியின் முதல் குணம். அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்.

சொகுசு கார்களின் விலை முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வேகமாக இறங்கும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் அதை வைத்துப் பராமரிக்க முதல் உரிமையாளரே தயங்குகிறார். ஐம்பது லட்சம் ரூபாய்க் கார் ஒன்பது லட்சத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. அவை இன்றும் ஐம்பது லட்சம் ரூபாய்க் காரின் பாகங்கள்தாம். யானையை மலிவாக வாங்கலாம். தீனிச் செலவு யானைத் தீனிச் செலவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. டில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விஷயம் பிறகும் நீதிமன்றத்துக்குப் பலமுறை வந்தது. ஆனால் அதற்குள் பத்தாண்டை நெருங்கிய டீசல் கார்கள் பல, மலிவு விலையில் மற்ற மாநிலங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன. இவற்றில் நல்ல வண்டிகளும் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பதிவுக்கு மாற்றும்போது ஆயுட்கால வரி கட்ட வேண்டும். தரகர் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்காது.

கிலோமீட்டர் எவ்வளவு சொல்லும்?

மீட்டரில் அதிகம் ஓடியிருப்பதாலேயே ஒரு வண்டி மோசம் என்று சொல்லிவிட முடியாது. பத்தாண்டில் ஒன்றரை லட்சம் என்றால் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம். அது நியாயமான ஓட்டம்தான். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, காலத்தில் ஆயில் மாற்றிய வண்டி, நகர நெரிசலில் பாதி தூரமே ஓடிய வண்டியைவிட நன்றாக இருக்கலாம். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும், பேட்டரி போகும். எனவே எவ்வளவு ஓடியது என்பதோடு, எப்படி ஓடியது, யார் பராமரித்தார், அதற்கு எழுத்தில் என்ன சாட்சி என்பதையும் பார்க்க வேண்டும்.

மீட்டரைக் குறைத்து வைக்கும் மோசடி இன்றும் நடக்கிறது. டிஜிட்டல் மீட்டரையும் மாற்றுகிறார்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் மூன்றும் தேய்ந்திருந்து, மீட்டர் மட்டும் அறுபதாயிரம் காட்டினால் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவுகளைக் காட்டச் சொல்லி, விற்பவரையே அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வரத் தயங்கினால் அதுவே பதில்.

எங்கே பணம் போகும்?

முதலில் கியர்பாக்ஸ். இவை எல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டிகள். இதன் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சில கார் கம்பெனிகள் சொல்லி வந்தன. ஆனால் பல கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், உபயோகத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியில் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால், அந்தச் செலவோ அதைவிடப் பெரிய செலவோ உங்களுக்காகக் காத்திருக்கிறது.

அடுத்தது காற்றுப் பை சஸ்பென்ஷன். சில மாடல்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் இருக்கும். வயதாகும்போது ரப்பரில் வெடிப்பு விட்டுக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அதுதான் அடையாளம். அதனால் வண்டியை மாலையில் பார்த்துவிட்டு வராமல், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள்.

மூன்றாவது எஞ்சின். அந்தந்த மாடலுக்கென்று பெயர்பெற்ற கோளாறுகள் உண்டு. உதாரணமாக, பி.எம்.டபிள்யூ 2007 முதல் பயன்படுத்திய என் 47 என்ற 2 லிட்டர் டீசல் எஞ்சினில், டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. செயின் தேய்ந்து உரசும் சத்தம் வந்தால், கியர்பாக்ஸையோ எஞ்சினையோ கீழே இறக்கித்தான் மாற்ற முடியும். பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிதாகும். செயின் அறுந்தால் எஞ்சினே போய்விடும். எனவே எந்த மாடலைப் பார்க்கப் போகிறோமோ, அந்த மாடலில் பழகிய மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்.

டயர், பிரேக் டிஸ்க், பேட்டரி போன்றவையும் சின்னக் கார் விலையில் கிடைக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பள்ளம் நன்றாக இருந்தாலும் வயதான டயருக்கு விலை குறைத்துப் பேசுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பது நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே தங்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சொகுசு காரில் இருக்கைக்கு அடியிலும் மின் சாதனங்கள் உண்டு. தண்ணீர் பட்ட வண்டி ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் நிற்கும்.

கடைக் கணக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒன்பது லட்சம் கடையில் சரக்காகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு முறை சுழன்று, செலவு போக நூற்றுக்கு இரண்டு ரூபாய் மிஞ்சினாலும் மாதம் ரூ. 18,000, ஆண்டுக்கு ரூ. 2,16,000. காரில் போட்டால் இந்த வரும்படி நிற்கிறது, காரின் மதிப்பும் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது, அதன்மேல் இன்சூரன்சும் பராமரிப்பும். மூன்றாண்டு வைத்திருந்தால், ஒன்பது லட்சம் ரூபாய்க் காருக்காக விட்ட வருமானம் மட்டுமே ஆறரை லட்சத்துக்கு அருகில் போகிறது. சரக்குப் பணத்தைக் காரில் போட்டுவிட்டு, சரக்குக்கு வட்டிக்குக் கடன் வாங்கினால் நட்டம் இரட்டிப்பு.

வரியில் ஆறுதல் உண்டா என்றால், கொஞ்சம்தான். வியாபாரத்துக்கு ஓட்டும் காருக்கு வருமானவரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் உண்டு. சொந்த உபயோகப் பங்கைக் கழிக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் வாங்கும் பயணக் காருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி கிடைக்காது. சரக்கு ஏற்றும் மினி லாரி வாங்கினால் கிடைக்கும். கூட்டு வரித் திட்டத்தில் உள்ளவருக்கு அதுவும் இல்லை. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்கும் எண்ணம் வேண்டாம். 2017 முதல் ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுபவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்கு நமக்குத் தேய்மானமும் கிடையாது. உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காகிதங்கள்

ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் பதிவாகியுள்ளதா, அபராத ரசீதுகள் பாக்கியா என்று பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பல விவரங்கள் தெரியும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28. இன்சூரன்சை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல.

நம் பழைய வண்டியை விற்கும்போதும் பெயர் மாற்றத்தை உடனே முடிக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து நட்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது.

எப்போது வாங்கலாம்?

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் இப்படி ஒரு காரை வாங்கி நான்கு ஆண்டாக மகிழ்ச்சியாக ஓட்டுகிறார். ஒரே உரிமையாளர், முழு சர்வீஸ் பதிவு, பழகிய மெக்கானிக் பக்கத்து ஊரில். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாகப் பாங்கில் போட்டுவைத்து, ரிப்பேர் செலவை அதிலிருந்தே செய்கிறார். கடைப் பணத்தைத் தொடவில்லை. ஊருக்கும் கடைக்கும் ஓட அவரிடம் வேறு சின்னக் கார் இருக்கிறது. இவை எல்லாம் உங்களுக்கும் பொருந்தினால் தாராளமாக வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் பொறுத்திருங்கள்.

நம் நண்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மறுவாரம் சேசிஸ் எண்ணோடு சர்வீஸ் பதிவைப் பார்க்கப் போனோம். 2021ஆம் ஆண்டிலேயே அந்த வண்டி 1,71,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. தரகர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கல்யாணத்துக்கு ரெண்டு நாள் நல்ல கார் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கிறேன் அண்ணாச்சி" என்றார்.

அந்த ஒன்பது லட்சமும் தீபாவளிக்குப் பருப்பும் எண்ணெயுமாக வந்து, கடையில் சுழன்று, கல்லாவுக்குத் திரும்பிவிட்டது. சம்பந்தி வீட்டாரும் அந்த மண்டியில் விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுக்கச் சம்மதித்தார்களாம். அங்கே அவரது கார் என்ன என்று யாரும் கேட்கவில்லை. சொன்ன தேதியில் பணம் கட்டுவாரா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.