சந்தையில் முதலில் நுழைதல்: அனுகூலமா, பிரதிகூலமா?

புதிய சந்தையில் முதலில் நுழையும் முயற்சியாளருக்குப் போட்டி குறைவு. நற்பெயரையும் முதலில் பெறலாம். மாணவர் பலர் இவ்வளவோடு விடையை முடித்துவிடுகின்றனர். பரிசோதனைச் செலவும் நட்டமும் அவர் தலையிலேயே விழும் என்பதை எழுதுவதில்லை.

இதற்கு நம் மலையகமே சிறந்த உதாரணம். 1841இல் வோர்ம்ஸ் சகோதரர் புசல்லாவையில் தேயிலை நட்டனர். அது கோப்பியின் காலம், தேயிலை எடுபடவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. டெய்லர் பங்களா விறாந்தையில் கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகிய முறையை அயல் தோட்டத்தார் பார்த்தே கற்றுக்கொண்டனர். அவரோ சம்பளம் பெறும் துரை, உரிமையாளர் அல்லர். 1892இல் பதவி நீக்கப்பட்டு, அதே ஆண்டில் இறந்தார்.

தோமஸ் லிப்டன் வந்தது 1890இல். செடியும் செய்முறையும் அப்போது நிரூபிக்கப்பட்டிருந்தன. கோப்பி வீழ்ச்சியால் காணியும் மலிவு. அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார்.

பிந்தி வந்ததனால் மட்டும் அவர் வென்றார் என எழுத வேண்டாம். பிந்தி வந்தோர் பலர். லிப்டனுக்குப் பிரித்தானியாவில் சொந்தச் சில்லறைக் கடைகள் இருந்தன. இடைத்தரகரைத் தவிர்த்து, பொதியிட்டு, மலிவாக விற்றார். பொதியிடலும் அவரது கண்டுபிடிப்பன்று. 1826இலேயே ஜோன் ஹோர்னிமன் செய்தது.

பயிற்சி வினா: டெய்லரிடம் இல்லாது லிப்டனிடம் இருந்த வளங்கள் இரண்டினைக் குறிப்பிட்டு விளக்குக.