பதிலைக் கேட்காவிட்டால் கம்பைலர் ஏன் முணுமுணுக்கிறது?

கடைக்கு ஆளனுப்பிப் பத்துக் கிலோ அரிசி கேட்கிறீர்கள். ஆறு கிலோதான் கிடைத்தது என்று அவர் வந்து சொல்வதைக் காதில் வாங்காமல் உலை வைத்தால், குறை பந்தியில்தான் தெரியும். சி நிரல்கள் அழைக்கும் 'ரைட்' செயல்கூறும் அப்படித்தான்: 4096 பைட் எழுதச் சொன்னால், வட்டு நிரம்பும் நேரத்தில் 1000 மட்டும் எழுதிவிட்டு '1000' என்று பதில் தரும். அந்த எண்ணை நிரல் பார்க்காததால்தான், ஓட்டுவதற்கு முன்பே எச்சரிக்கை வருகிறது.

"பிரிண்ட்எஃப்பும்தான் எண் தருகிறது, யார் பார்க்கிறார்கள்?" என்பீர்கள். நியாயம்தான், அதனால்தான் குறியிட்ட செயல்கூறுகளுக்கு மட்டும் கம்பைலர் எச்சரிக்கிறது. சி++17 'நோடிஸ்கார்ட்' குறியைச் சேர்த்தது அதற்கே. அழைப்புக்கு முன்னால் 'வாய்ட்' போட்டு வாயடைக்கலாமா? 'நோடிஸ்கார்ட்' அடங்கிவிடும்; ஜிசிசி கம்பைலரின் பழைய குறியோ அதற்கும் மசியாது. ஆகவே 'ரைட்' தரும் எண் குறைந்தால் மிச்சத்தை மறுபடி எழுதுங்கள். பிழையைக் குறிக்கும் −1 வந்தால் காரணத்தைப் பாருங்கள்.