மாஸ்டர் டேப் எங்கே?

1964 பொங்கலுக்கு வெளிவந்த 'கர்ணன்', 2012 மார்ச்சில் மறுபடியும் திரைக்கு வந்தது. கீறல் துடைத்த டிஜிட்டல் படம், டிடிஎஸ் ஒலி என்ற இரண்டையும் முன்னால் வைத்துத்தான் அதை வெளியிட்டார்கள். படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதன் பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி படங்கள் புது ஒலியோடு வரிசையாக வரத் தொடங்கின. பழைய படத்தைத் திரும்பப் போடுவது வடசென்னைக்குப் புதிதல்ல; ராயபுரம், தண்டையார்பேட்டை, ஓட்டேரிப் பக்கத் தியேட்டர்களில் எம்.ஜி.ஆர். படத்தின் தேய்ந்த பிரிண்ட்கூட வாரக்கணக்கில் ஓடியிருக்கிறது. புதிதாக வந்தது ஒலியைப் பற்றிய வாக்குறுதி. சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களிலிருந்து ஐம்பது ஆண்டுக்கு முந்தைய இசை எழும் என்ற அந்த வாக்குறுதி எப்போது உண்மையாகிறது, எப்போது வெறும் விளம்பரமாக நின்றுவிடுகிறது? இதைத் தீர்மானிப்பது தியேட்டரில் மாட்டிய ஸ்பீக்கர் அல்ல. பாடல் பதிவான அன்று ஓடிய டேப் இன்றும் இருக்கிறதா, இருந்தால் அதில் எத்தனை டிராக், அதாவது தனித்தனி ஒலித்தடம், என்ற கேள்விக்கான விடைதான் தீர்மானிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் புரோகிரெசிவ் ராக் ஆல்பங்கள் நல்ல சான்று. ஆண்டுவிழா மறுவெளியீடு என்ற தொழிலே அந்த இசையைச் சுற்றித்தான் செழித்தது. கிங் கிரிம்சன் குழுவின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' 1969 அக்டோபரில் வெளியானது. பதிவுக் கருவியில் எட்டு டிராக்தான். எட்டும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு டேப்பில் இறக்கி, மிச்சமான இடத்தில் மேலும் வாசித்துச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இரைச்சல் கூடும், கூர்மை மழுங்கும், முன்பு கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. நாற்பதாம் ஆண்டுக்காக 2009-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமான 5.1 சரவுண்ட் மிக்ஸ் செய்தபோது, கலப்பதற்கு முந்தைய ரீல்களைத் தேடியெடுத்து, கணினியில் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். 1969-இல் இசைத்தட்டு வாங்கியவர் கேட்க முடியாத தெளிவு இப்படித்தான் கிடைத்தது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) முப்பதாம் ஆண்டில் ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியின் கையில் சரவுண்டாக மாறியதும், ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' (1971) நாற்பதாம் ஆண்டில் மந்தம் நீங்கி வந்ததும் பல டிராக் கொண்ட மல்டிடிராக் டேப்புகளின் துணையால்தான். எதிர்ச் சான்றும் உண்டு. ஜென்டில் ஜயன்ட் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களை வில்சன் கையிலெடுத்தபோது பல பாடல்களின் மல்டிடிராக் கிடைக்கவில்லை. ஆகவே கிடைத்த பாடல்களை மட்டும் தொகுத்து 2017-இல் 'த்ரீ பீஸ் சூட்' என்று வெளியிட்டார்கள். இல்லாததை இருப்பதுபோல் காட்டாத அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது கோடம்பாக்கத்துக்கு வருவோம். அறுபதுகளின் திரைப்பாடல் ஒரே கூடத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க, பாடகர் கூடவே பாட, மோனோவாகப் பதிவானது. மைக்கை எங்கே வைப்பது, வயலின்காரர்களை எவ்வளவு தள்ளி உட்கார வைப்பது, எந்த இடத்தில் குழலை உயர்த்துவது என்பதையெல்லாம் ஒலிப்பதிவாளர் அந்த நொடியிலேயே முடிவு செய்தார். மிக்ஸ் என்று தனியாக ஒரு நாள் கிடையாது. டேக் ஓகே ஆனதும் மிக்ஸும் முடிந்தது. 'கர்ணன்' பாடல்களுக்காக விஸ்வநாதன் – ராமமூர்த்தி வடநாட்டு வாத்தியங்களையும் சேர்த்துப் பெரிய இசைக்குழுவை வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பேரின் வாசிப்பும் ஒற்றை ஒலித்தடத்துக்குள் இறங்கியது. அதை 5.1 ஆக்குவதென்றால், இரைச்சலை நீக்கலாம், தாழ்ந்த ஒலிகளை வடிகட்டிப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பலாம், எதிரொலி சேர்த்துப் பின்பக்கம் கொடுக்கலாம். ஷெனாயை மட்டும் எடுத்து இடதுபுறம் வைக்க முடியாது. 2012-இல் ரசிகர்கள் அனுபவித்தது பெரும்பாலும் சுத்தமான ஒலியையும் பெரிய அரங்கின் வலிமையையும்தான். அது சிறிய சாதனையல்ல. அதே ஆண்டு டிசம்பரில் ரஜினியின் 'சிவாஜி' 3டி, மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மோஸ் முறையில் வந்தது முற்றிலும் வேறு வகை வேலை. 2007-இல் முதலில் வெளியான அந்தப் படத்தில் வசனமும் இசையும் ஒலிகளும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாகப் பதிவானவை. இரண்டும் விளம்பரத்தில் ஒரே மாதிரி 'புது ஒலி' என்று வருகின்றன. டிக்கெட் வாங்குகிறவருக்கு வித்தியாசம் சொல்லப்படுவதில்லை.

நமக்கு உண்மையான வாய்ப்பு எழுபதுகளின் கடைசியில் தொடங்குகிறது. 1978-இல் வந்த 'ப்ரியா' பாடல்கள் தமிழில் ஸ்டீரியோவின் தொடக்கமாகச் சொல்லப்படுகின்றன. எண்பதுகளில் இளையராஜாவின் பதிவுகளில் இடவலப் பிரிவை ஒரு இசைக்கருவியைப் போலவே பயன்படுத்தியதை ஹெட்போனில் கேட்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். படம் சாராத ஆல்பமும் அப்போது பிறந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக, வி.எஸ்.நரசிம்மனின் வயலினோடு வந்த 'ஹவ் டு நேம் இட்' வெளியான ஆண்டு 1986. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' 1988. ஓர் ஆல்பத்தை முழுமையான படைப்பாகக் கருதி, மரபிசையையும் மேற்கத்திய அமைப்பையும் முட்டவிட்டுப் பார்த்த வகையில், புரோகிரெசிவ் ராக்குக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய உறவு இவைதான். முதலாவதன் நாற்பதாம் ஆண்டு 2026. கிரிம்சனுக்குக் கிடைத்த மரியாதை அதற்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் மிகையொன்றும் இல்லை.

ஆனால் அந்தக் காலத்து டேப்புகளுக்கு ஒரு தனி நோய் உண்டு. எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை பெரிய நிறுவனங்கள் தயாரித்த பல டேப்புகளில், காந்தத் துகளை நாடாவில் ஒட்டவைக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. ஓட்டினால் கிறீச்சிடும்; பிசின் போல் ஹெட்டில் ஒட்டும்; துகளோடு இசையும் உரிந்து வந்துவிடும். சுமார் 50 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் பதமாகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓட்டத் தகுந்த நிலைக்கு வரும். அந்த இடைவெளியில் டிஜிட்டலாக எடுத்துவிட வேண்டும். இத்தகைய டேப்பை 20 டிகிரிக்குக் கீழும், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள்ளும் வைக்கச் சொல்கிறார்கள் ஆவணக் காப்பாளர்கள். சென்னைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 60 சதவீதத்துக்குக் குறையாது. லண்டன் அலமாரியில் ஐம்பது ஆண்டு தாங்கிய டேப் இங்கே அவ்வளவு தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதோடு இடமாற்றமும் சேர்கிறது. இளையராஜா நாற்பது ஆண்டுக்கு மேல் பணியாற்றிய பிரசாத் ஸ்டூடியோவிலிருந்து நீதிமன்ற வழக்குக்குப் பின் வெளியேறி, 2021 தொடக்கத்தில் கோடம்பாக்கத்தில் சொந்த ஸ்டூடியோ திறந்ததை நாடறியும். ஒரு ஸ்டூடியோ மூடும்போதோ மாறும்போதோ முதலில் காணாமல் போவது பெயர் எழுதாத ரீல் பெட்டிதான். இது உலகெங்கும் நடந்திருக்கிறது. 2008-இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் பிடித்த தீயில் மாஸ்டர் டேப்புகளும் எரிந்தன என்ற செய்தி 2019-இல்தான் முழுமையாக வெளியே வந்தது.

சரவுண்ட் என்றதும் பெரிய இசைக்குழுதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் வட்டமாகச் சூழ்ந்து கேட்கும் இசை ஒன்று காசிமேட்டிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருக்கிறது. சாவு வீட்டுப் பந்தலில் இரவெல்லாம் பாடும் கானாவுக்கு மேடை கிடையாது. பாடுகிறவர் நடுவில், டோலக்கும் கடமும் கைத்தட்டலும் பக்கத்தில், சுற்றிலும் கேட்பவர்கள், இடையிடையே அவர்களின் பதில் குரல். அந்த இசையின் இடவமைப்பே வட்டம். அதைப் பதிவு செய்த கேசட்டுகளோ எல்லாவற்றையும் ஒரே மைக்குக்குள் நெரித்துவிட்டன. சின்ன ஸ்டூடியோக்களில் எடுத்த கானா கேசட்டுகளின் மூலப் பதிவைப் பத்திரப்படுத்த எந்தப் பெரிய இசை நிறுவனமும் முன்வந்ததாகத் தெரியவில்லை. 2006-இல் 'சித்திரம் பேசுதடி' கானா உலகநாதனை ஊரறியச் செய்தது. 2018 ஜனவரியில் 19 கலைஞர்களோடு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. இவர்களைப் போன்றவர்களின் பிந்தைய பதிவுகள் தனித்தனி டிராக்காகக் கணினியில் இருப்பவை. அதனால் அவை பத்திரமானவை என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்டு டிஸ்க் பழுதாகும். பத்தாண்டு கழித்துப் பழைய மென்பொருளின் கோப்பு திறக்காது. வெள்ளம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. அப்படிப்பட்ட நீரில் கட்டிலுக்கடியில் இருக்கும் கேசட் பெட்டி தப்பாது.

இதற்கெல்லாம் இனி டேப் எதற்கு, செயற்கை நுண்ணறிவு பிரித்துத் தந்துவிடுமே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு 2022-இல் அப்படித்தான் புது மிக்ஸ் செய்தார்கள். ஆனால் அவர்கள் கையில் இசைத்தட்டு மட்டும் இருக்கவில்லை. நான்கு டிராக் மூல டேப்புகள் இருந்தன. ஒரே டிராக்கில் சேர்ந்துவிட்ட டிரம்ஸையும் கிடாரையும் பிரிக்கவே கணினியின் உதவி தேவைப்பட்டது. டேப் நன்றாக இருந்ததால் பிரிப்பும் நன்றாக அமைந்தது. மேலும், பரவலாகக் கிடைக்கும் பிரிப்பு மென்பொருள்கள் குரல், டிரம்ஸ், பாஸ், மற்றவை என்று நான்கு பங்காகப் பழகியவை. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும், கடத்தின் கழுத்தொலி, நாகஸ்வரத்தின் கமகம் எல்லாம் அந்த நான்கில் எங்கே போகும்? பெரும்பாலும் 'மற்றவை'க்குள் குழம்பிக் கிடக்கும், அல்லது பாதி குரலோடு ஒட்டிக்கொள்ளும். மோனோ மட்டுமே எஞ்சிய 'கர்ணன்' போன்றவற்றுக்கு இந்த வழி ஒரு கடைசி முயற்சியாக இருக்கலாம். அப்படிச் செய்ததை உறையில் சொல்லிவிட வேண்டும். மல்டிடிராக் எங்கோ கிடந்து மக்கிக்கொண்டிருக்கும்போது மென்பொருளைக் காட்டித் தேடலை நிறுத்துவதுதான் தவறு.

இன்னொரு எதிர்ப்பு ஆழமானது: மோனோவாக முடிந்த பாட்டு மோனோவாகத்தான் இருக்க வேண்டும், மாற்றுவது படைப்பைச் சிதைப்பது. இதில் பாதிக்கு மேல் நான் உடன்படுகிறேன். ஒலிப்பதிவாளர் கூடத்தில் செய்த சமன்பாடும் ஒரு கலைமுடிவு. ஜெனிசிஸ் குழுவின் ஆல்பங்கள் 2007 முதல் புதிதாக மிக்ஸ் செய்து வந்தபோது, பழைய மிக்ஸ் கடையிலிருந்து மறைந்ததே என்று ரசிகர்கள் வருந்தியது இதனால்தான். கிங் கிரிம்சன் பெட்டிகளில் பின்பற்றிய வழி அதற்கு நல்ல விடை: மூல மிக்ஸைக் கைவைக்காமல் அப்படியே ஒரு பிரதி, புது ஸ்டீரியோ ஒன்று, சரவுண்ட் ஒன்று. இந்த மூன்றில் முதலாவதுக்கும் நல்ல மாஸ்டர் டேப் வேண்டும் என்பதை மறக்கலாகாது. தூய்மைவாதிக்கும் புதுமைவாதிக்கும் தேவை ஒன்றேதான்.

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைக்க ஒற்றையறை வீட்டில் இடமேது என்பதும் சரியான கேள்வி. எழுபதுகளில் நான்கு ஸ்பீக்கர் முறை ஒன்று வந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத பல வடிவங்களில் சிக்கி மடிந்தது. வீட்டில் ஸ்பீக்கரை நம்பியதுதான் அதன் பலவீனம். இன்று நிலைமை வேறு. 2021 முதல் ஆப்பிள் மியூசிக்கில் அட்மோஸ் பாடல்கள் சாதாரண ஹெட்போனிலேயே கேட்கின்றன. 1967-இல் திறந்த தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடிவிட்டாலும், மற்ற அரங்குகளில் சரவுண்ட் சாதாரணமாகிவிட்டது. வசதியுள்ளவர்களுக்கான பொருளாக இது இனி நிற்காது.

சட்டம் ஓரளவுக்கு வழிவிடுகிறது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1964-இல் வெளியான பதிவுகளுக்கு 2024-ஓடு அது தீர்ந்தது. மெட்டுக்கும் வரிக்கும் உரிமை நீடிக்கிறது. 2015-இல் மறைந்த விஸ்வநாதனின் மெட்டுகளுக்கு அது இன்னும் பல்லாண்டு இருக்கும். அதைவிட முக்கியம், பதிவு பொதுச்சொத்தானாலும் ரீல் யாருடைய அலமாரியில் இருக்கிறதோ அவரிடமே இருக்கும். கொடுக்கச் சொல்ல சட்டத்தில் இடமில்லை. ஆகவே அடுத்த ஆண்டுவிழா வெளியீட்டைப் பார்க்கும்போது ரசிகர் கேட்க வேண்டியவை: எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள், அது எத்தனை டிராக், மூல மிக்ஸும் கூட வருகிறதா? கானா பாடகர்களும் சின்ன ஸ்டூடியோக்காரர்களும் யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கிறீச்சிடும் டேப்பை வீட்டுப் பிளேயரில் ஓட்டிப் பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும். ஓடக்கூடிய கேசட்டை எம்.பி.3 ஆக அல்லாமல் 24 பிட் வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். கணினியில் செய்த பதிவென்றால் ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாகப் பிரித்து வைக்க வேண்டும். நாட்டார் இசைப் பதிவுகளைப் பாதுகாக்க 1982 முதல் இயங்கும் ஆவண மையம் ஒன்று குருகிராமில் இருக்கிறது. ஒரு பிரதி அதைப் போன்ற இடத்தில் இருந்தால், எண்ணூரில் அடுத்த வெள்ளம் வரும்போது எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய பொருள் ஒன்றாவது குறையும்.